முதலில் தலை, பிறகுதான் எண்ணெய்

ஆலிவ் எண்ணெய் தேய்த்தால் முடி வளருமா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். வளராது. நல்லெண்ணெய் தேய்த்தாலும் வளராது, தேங்காயெண்ணெய் தேய்த்தாலும் வளராது. முடி வேரிலிருந்து மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும். அதை எந்த எண்ணெயும் அவசரப்படுத்துவதில்லை. நாம் தேய்ப்பது வெளியே வந்துவிட்ட முடிக்கும் அதைத் தாங்குகிற மண்டைத் தோலுக்கும்தான். வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது. அது உடையாமல், வறண்டு போகாமல், சிக்கு விழாமல் பார்த்துக்கொள்ளலாம். எண்ணெயின் வேலை அவ்வளவுதான். அந்த வேலையை ஒழுங்காகச் செய்யக் கற்பதற்கே எனக்கு வாலிபம் போய்விட்டது.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். சீசன் இல்லாத மாதங்களில் தென்காசியில் வீட்டோடு தைலம் காய்ச்சிக் கொடுக்கிறேன். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலைக் கொண்டுவரும் ஆனி, ஆடி, ஆவணியில் கிடைத்ததை வைத்துத்தான் வருஷத்தின் மிச்சத்தை ஓட்டவேண்டும். முன்பெல்லாம் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று அருவியை ஒட்டியே வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒரு பலகை, இரண்டு கிண்ணம், ஒரு துண்டு. தேய்த்து முடித்த ஆள் எண்ணெய் வழிய எழுந்து நேரே அருவிக்குள் நுழைவார். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்ட பிறகு அதெல்லாம் மாறிப்போனது. எங்களில் பலருக்கு மனக்கசப்பு. எனக்கும் பிழைப்பு ஆட்டம் கண்டது. ஆனாலும் அந்த உத்தரவு சரிதான் என்பேன். எண்ணெய் படிந்த பாறையில் வழுக்கி விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆள் நான். பேரருவியில் விழுகிற அதே தண்ணீர்தான் சிற்றாறாகக் கீழே வயலுக்கும் போகிறது. இப்போது சாலையோரக் கொட்டகையிலோ தங்கும் விடுதியிலோ தேய்த்து, அங்கேயே சீயக்காய் போட்டு அலசி அனுப்புகிறோம். அலசுகிற வேலையும் எங்கள் கைக்கு வந்ததில் ஒரு நன்மை: தேய்த்த எண்ணெய் எப்படி இறங்குகிறது என்பதை நாங்களே பார்க்கிறோம். முன்பு அந்தப் பாதி எங்களுக்குத் தெரியாமலே போனது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவரை ஆசான் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வர்மமும் தெரிந்தவர். உள்ளங்கை காய்ப்பேறிக் கிடக்கும்; விரல் நுனி மட்டும் பிள்ளையின் கன்னம் மாதிரி மெதுவாக இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டி, கூரில்லாமல் கல்லில் தேய்த்துவிடுவார். அவரிடம் சேர்ந்த முதல் சீசன் முழுக்க என்னைத் தலையைத் தொட விடவில்லை. கிண்ணம் கழுவுவது, துண்டு துவைத்துக் காயப்போடுவது, காய்ச்சிய எண்ணெயைத் துணியில் வடிப்பது, இவைதான். அலுத்துப்போய், "எப்பத்தான் தலைக்குப் போறது ஆசான்?" என்று கேட்டபோது, "ஏலே, வாரவன் தலையப் பாத்தியா, இல்ல கிண்ணத்தையே பாத்துக்கிட்டிருந்தியா?" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் பார்ப்பதைப் பார்த்தேன். ஆள் பலகையில் உட்கார்ந்ததும் ஆசான் எண்ணெயைத் தொடவே மாட்டார். வெறும் கையால் வகிடு பிரித்து மண்டைத் தோலின் நிறத்தைப் பார்ப்பார். காதுக்குப் பின்னால் ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, வேரிலிருந்து நுனிவரை உருவிவிடுவார். அங்கேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். வேர்ப்பக்கம் வழுவழுப்பு, நுனி சொரசொரப்பு என்றால் ஒரு கணக்கு. வேரிலேயே சொரசொரப்பு என்றால் வேறு கணக்கு. நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார். வருவது காய்ந்த தவிடாக உதிர்கிறதா, மஞ்சள் பிசுக்காக ஒட்டுகிறதா என்று பார்ப்பார். உச்சந்தலையை மோந்தும் பார்ப்பார். புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். எத்தனை நாள் எண்ணெய் காணாத தலை, வேர்வை எவ்வளவு, பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதா என்பதெல்லாம் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். மூக்கைத் தள்ளி வைத்துக்கொண்டு இந்தத் தொழிலைக் கற்க முடியாது.

எங்கள் ஊர் இரண்டு எண்ணெய்களுக்கு நடுவில் இருக்கிற ஊர். கோவில்பட்டி, விருதுநகர், மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நல்லெண்ணெய். புனலூர், கொல்லம் பக்கமிருந்து மலை தாண்டி வருகிறவர்களுக்குத் தேங்காயெண்ணெயில் காய்ச்சியது. நல்லெண்ணெய் என்றால் மரச்செக்கில், எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டியது. கருப்பட்டி போட்டால்தான் எண்ணெய் புண்ணாக்கிலிருந்து ஒழுங்காகப் பிரியும். கையில் ஊற்றினால் கொஞ்சம் இனிப்பு வாடை வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஆலிவ் எப்படி வந்தது என்று பலரும் கேட்கிறார்கள். விளம்பரத்தில் வந்ததென்று நினைக்கிறார்கள். கடையநல்லூர், புளியங்குடி, தென்காசிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் சைத்தூன் என்கிற ஆலிவ் எண்ணெய் பழைய சங்கதி. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் பெட்டியில் அத்தரும் போர்வையும் இருந்தால் கூடவே ஒரு டின் சைத்தூனும் இருக்கும். மற்ற வீடுகளுக்கு அது மருந்துக்கடை வழியாக வந்தது. குழந்தைக்குத் தேய்க்க என்று வாங்கின ஃபிகாரோ டின் காலியானதும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் கடுகு போட்டு வைத்திருப்பார்கள்.

அப்படி விடுமுறையில் வந்த ஒருவர்தான் ஆசானிடம் முதன்முதலில் ஆலிவ் டின்னை நீட்டினார். "இதத்தான் தேய்க்கணும், காசு முழுசாத் தாரேன்." ஆசான் டின்னை வாங்கி ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். கசந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையில் மிளகு மாதிரி ஒரு காரல். மணிக்கட்டில் தேய்த்து, மோந்து, துண்டால் துடைத்து, மறுபடி மோந்தார். "நாளைக்கு வாங்க அண்ணாச்சி, இன்னைக்கு உங்க தலைக்கு நம்ம எண்ணெயே போதும்" என்று அனுப்பிவிட்டார். மறுநாளும் தேய்க்கவில்லை. டின்னில் கால்வாசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தன் வீட்டு ஆச்சியின் பின்னலில் ஒரு பாதிக்கு ஆலிவ், மறுபாதிக்கு நல்லெண்ணெய் என்று வாராவாரம் தேய்த்துப் பார்த்தார். அடுத்த விடுமுறைக்கு அதே ஆள் வந்தபோதுதான் தேய்த்துவிட்டார். தெரியாத பொருளை அடுத்தவர் தலையில் சோதிக்கக் கூடாது என்பதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை, இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆச்சியின் தலையில் அவர் கண்டது இதுதான். மண்டையில் நல்லெண்ணெய் போட்ட பாதி அலசின மறுநாளும் லேசாக இருந்தது; ஆலிவ் போட்ட பாதி கனத்துக் கிடந்தது. ஆனால் பின்னலின் கீழ்ப்பாதியில் நிலைமை தலைகீழ். ஆலிவ் பட்ட நுனி சிக்கில்லாமல் சீப்புக்கு இறங்கிக் கொடுத்தது. அன்றிலிருந்து எங்கள் கணக்கு ஒன்றுதான்: மண்டைக்கு நல்லெண்ணெய், முடிக்கு ஆலிவ். இத்தனை காலத்தில் அதை மாற்ற எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஆலிவ் மட்டும் முடியின் மேலே ஏன் அப்படி நிற்கிறது என்பதற்குப் படித்தவர்கள் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். தேங்காயெண்ணெயில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம். அது சின்னது, முடிக்குள்ளேயே நுழைந்துவிடும். ஆலிவில் பெரும்பங்கு ஒலிக் அமிலம். அது பெரியது, கொஞ்சம் உள்ளே போகும், மிச்சம் மேலே போர்த்திக்கொள்ளும். கடையில் விற்கும் மினரல் ஆயில் உள்ளே போகவே போகாது. என் விரலுக்கு இது வேறு வழியில் தெரியும். தேங்காயெண்ணெய் தேய்த்த முடியை ஒரு மணி நேரம் கழித்து உருவினால் விரலில் ஒன்றும் ஒட்டாது. ஆலிவ் தேய்த்த முடி அப்போதும் வழுக்கும். சுருட்டை முடி, வெயிலில் நின்று செம்பட்டை பாய்ந்த முடி, சாயம் போட்ட முடி, பார்லரில் இஸ்திரி போட்டு நீட்டிவிட்ட முடி, இவற்றுக்கு அந்த வழுக்கல்தான் வேண்டும். மெல்லிய முடிக்கு அது பாரம். மெல்லிய முடிக்காரர் ஆலிவ் கேட்டால் நான் நுனிக்கு மட்டும் இரண்டு சொட்டு தொட்டுவிட்டு, முழுக்கத் தேய்த்த மாதிரி பேசிக்கொண்டிருப்பேன். தொழிலில் இது கொஞ்சம் செல்லும்.

சாரல் காலத்தில் ஆலிவுக்கு இன்னொரு வசதி. இருபத்து நாலு டிகிரிக்குக் கீழே போனால் தேங்காயெண்ணெய் உறைய ஆரம்பித்துவிடும். ஆடி மாதத்து விடியற்காலையில் பாட்டிலைத் தட்டித் தட்டி எடுக்கவேண்டியிருக்கும். அந்தக் குளிரில் ஆலிவ் உறையாது. குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால்தான் கலங்கும், அதுவும் எல்லா ஆலிவும் ஒரே மாதிரி கலங்காது. பெட்டிக்குள் வைத்து உறைந்தால் அசல், உறையாவிட்டால் கலப்படம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நம்பவேண்டாம். நாக்கை நம்புங்கள். எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்று எழுதியிருக்கிறதா, பச்சைப்புல் வாடையும் கசப்பும் தொண்டைக் காரலும் இருக்கவேண்டும். வாடையும் ருசியும் இல்லாமல் வெளுத்துக் கிடந்தால் அது சுத்திகரித்தது. போமேஸ் என்று எழுதியிருந்தால் பிழிந்த சக்கையிலிருந்து மறுபடி எடுத்தது. சமையலுக்கு ஆகலாம், தலைக்கு நான் வாங்குவதில்லை. வெளிச்சம் பட்டால் ஆலிவ் சீக்கிரம் கெடும். அதனால்தான் கருத்த பாட்டிலிலோ டின்னிலோ வருகிறது. அழகுக்காக அதை வெள்ளைக் கண்ணாடிக் குப்பியில் மாற்றி ஜன்னலோரம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

பொடுகைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஆலிவால் அதிகம் கெடுவது இங்கேதான். ராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு டீச்சர், பொடுகுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ராத்திரி ராத்திரி ஆலிவைச் சுடவைத்து மண்டையில் தேய்த்துத் தூங்கியிருக்கிறார். வகிடு பிரித்தால் மஞ்சள் செதில், சிவந்த தோல், நெற்றியோரம் பரு. எண்ணெய் போட்டதும் செதில் படிந்து மறைந்துவிடும், பொடுகு போய்விட்டது என்று தோன்றும். ரெண்டு நாளில் இரட்டிப்பாக வரும். மண்டைத் தோலில் ஒருவகைப் பூஞ்சை எல்லோருக்கும் உண்டு. எண்ணெய்ப் பசைதான் அதன் சாப்பாடு. அது தின்றுவிட்டு வெளியே விடுகிற ஒலிக் அமிலம் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் செதிலாக உரிகிறது. ஆலிவிலோ பெரும்பங்கு அதுதான். டீச்சருக்கு நான் செய்த வைத்தியம் எண்ணெயை நிறுத்தச் சொன்னது. தேய்க்க வந்தவரைத் தேய்க்காமல் திருப்பி அனுப்பினால் அன்றைய காசு போகும். ஆனால் அவர் அடுத்த வருஷம் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கைக்குழந்தையின் உச்சியில் படிகிற செதிலுக்கும் இப்போது ஆலிவ் வேண்டாம் என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள். பச்சைப் பிள்ளையின் தோலை அது பலவீனப்படுத்துகிறதாம். முன்பு நாங்களே சொல்லி வாங்கவைத்தவர்கள்தான். இப்போது சொல்வதில்லை.

பொடுகுக்கு எங்கள் மலையடிவாரத்திலேயே ஒன்று இருக்கிறது, வெட்பாலை. இலையைக் கத்தி படாமல் கையால் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைக்கவேண்டும். அடுப்பே கிடையாது. நாள் ஏற ஏற எண்ணெய் ஊதாவாக மாறும். ஏழாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் நாகப்பழ நிறம். காளாஞ்சகப்படை என்கிற சொரியாசிஸுக்குச் சித்த மருத்துவத்தில் கொடுக்கும் 777 எண்ணெய் இந்த இலையில் செய்வதுதான். ஆசான் சித்திரை வெயிலில் மட்டும்தான் இதைப் போடுவார். இலையில் ஈரம் உண்டு. சாரல் நாளில் போட்டால் பூசணம் பிடித்துவிடும்.

இனி காய்ச்சுகிற விஷயம். கரிசலாங்கண்ணித் தைலம்தான் எங்கள் கை வேலைக்கு உரைகல். வெள்ளைப் பூ பூக்கிறது வேண்டும். இலஞ்சிப் பக்கத்து வயல் வரப்பில், தண்ணீர் காணுகிற இடத்தில் கிடைக்கும். விடியற்காலையில் பறித்து, மண் போகக் கழுவி, இடித்துப் பிழிந்தால் சாறு கொஞ்ச நேரத்தில் கருத்துவிடும். பழைய அளவு: கல்கம் என்கிற அரைத்த விழுது ஒரு பங்கு, எண்ணெய் நாலு பங்கு, சாறு பதினாறு பங்கு. எண்ணெயும் சாறும் கல்கமும் ஒன்றாக அடி கனத்த பாத்திரத்தில் ஏறும். தீ சிறு தீயாக இருக்கவேண்டும். சாறு இருக்கிறவரைக்கும் எண்ணெய் எவ்வளவு கொதித்தாலும் கருகாது, தண்ணீர் தன் சூட்டுக்கு மேல் ஏற விடாது. சடசடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்து அந்தச் சத்தம் அடங்குகிற இடத்தில். அங்கே பாத்திரத்தை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. அடியில் கிடக்கும் கல்கத்தைக் கரண்டியால் எடுத்து விரலில் உருட்டவேண்டும். சேறாக ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. திரியாக உருண்டால் மெழுகு பதம். உருட்டும்போதே மணலாக உதிர்ந்தால் மணல் பதம். தலைக்குத் தேய்க்கிற தைலத்துக்கு மணல் பதம் வரவேண்டும். ஈரம் மிஞ்சினால் புளித்துப் போகும். அந்தக் கல்கத்தை நெருப்பில் போட்டுச் சத்தமில்லாமல் எரிகிறதா என்று ஆசான் ஒருமுறை பார்ப்பார். அதோடு எண்ணெய் மேலே நுரை கட்டும். நெய் காய்ச்சும்போது நுரை அடங்கினால் பதம், எண்ணெய்க்கு நுரை எழுந்தால் பதம். பாத்திரத்தை இறக்கின பிறகும் சூட்டில் உள்ளே வெந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒரு பிடி முன்னாலேயே இறக்கவேண்டும். அந்த ஒரு பிடி எது என்று எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றால் காட்டுவேன்.

இதே கணக்கில் ஆலிவைக் காய்ச்சலாம் என்று ஒரு சீசனில் எங்களிடம் கற்க வந்த பையன் கிளம்பினான். அவனாகக் காசு போட்டு எக்ஸ்ட்ரா வெர்ஜின் வாங்கிவந்தான். ஒரு லிட்டருக்குக் கொடுத்த காசில் செக்கு நல்லெண்ணெய் இரண்டு லிட்டருக்குமேல் வாங்கலாம். சாறு வற்றுகிறவரை நன்றாகத்தான் போனது. சத்தம் அடங்கினபோது அவன் போன் பேசப் போய்விட்டான். திரும்பி வந்தால் புகை. பச்சை நிறம் போய், கசந்த புகை வாடை. ஆசான் திட்டவில்லை. ஆற்றில் கொட்டப் போனவனை மட்டும் தடுத்தார். "கொட்டாதலே. கதவுக் கீலுக்கு ஆகும்." அந்த எண்ணெய் எங்கள் கொட்டகைக் கதவுகளுக்கு ரொம்ப நாள் வந்தது. ஆலிவுக்கு அடுப்பு வேண்டாம் என்பது பிறகு ஆசான் கண்ட முடிவு. அந்த எண்ணெயின் விலையே அதன் பச்சை வாடைக்கும் கசப்புக்கும்தான். அதைத் தீயில் எரித்துவிட்டால் சாதாரண எண்ணெய்க்கும் இதற்கும் வித்தியாசம் என்ன?

ஆலிவில் மூலிகை சேர்க்கவேண்டுமானால் நிழலில் சருகாகக் காய்ந்ததைத்தான் போடவேண்டும். செம்பருத்தி இதழ், கறிவேப்பிலை, வெட்டிவேர், நிறத்துக்குக் கொஞ்சம் வேம்பாளம்பட்டை. கையில் நொறுக்கினால் பொடியவேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, போடாதீர்கள். பாட்டிலை வெள்ளைத் துணியால் கட்டி, நேர் வெளிச்சம் படாமல், இளஞ்சூடு படுகிற ஓட்டுத் தாழ்வாரத்தில் வைப்பேன். வேம்பாளம்பட்டை அன்றைக்கே சிவந்துவிடும். மற்றதுக்குப் பத்துப் பதினைந்து நாள். வடித்த பிறகு சக்கையைப் பிழியக் கூடாது. பிழிந்தால் தூள் இறங்கிக் கலங்கும். பிழியாமல் விடுகிற அந்த மிச்சத்தைப் பார்த்து மனசு கேட்காது. பழகிக்கொள்ளவேண்டியதுதான்.

தேய்ப்பதற்குமுன் ஆலிவைத் தீயில் காட்டாதீர்கள். வெந்நீர் ஊற்றிய பாத்திரத்தில் சின்னக் கிண்ணத்தை வைத்தால் போதும். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடு தெரியவும் கூடாது, குளிரவும் கூடாது. தோள்வரை முடிக்கு ஒன்றரை டீஸ்பூன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எண்ணெய் வழிந்தால்தான் காசுக்குத் தேய்த்த மாதிரி அவர்களுக்கு. வழிகிற எண்ணெய் துண்டுக்குத்தான் போகும்.

எங்கள் ஊரில் சாமிக்கே தலைக்குத் தைலம். குற்றாலநாதர் கோயிலில் மூலிகைத் தைலம் காய்ச்சி அபிஷேகம் செய்கிறார்கள். பெருமாளாக இருந்தவரை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்தி லிங்கமாக மாற்றியபோது உண்டான தலைவலிக்கு அந்தத் தைலம் என்று தலபுராணம். சீசன் தொடங்கும்போது ஆசான் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போவார். வெளியே வந்ததும் வருஷம் தவறாமல் ஒரே பேச்சுதான்: "முனிவர் கொஞ்சம் அழுத்திட்டாரு. நீங்க அழுத்தாதீய."

அழுத்தாமல் எப்படித் தேய்ப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். உச்சியில் முதல் எண்ணெயை வைத்துவிட்டு, பத்து விரல் நுனியையும் மண்டையில் ஊன்றவேண்டும். ஊன்றின இடத்திலிருந்து விரல் நகரக் கூடாது. விரலுக்கு அடியில் இருக்கிற தோல்தான் எலும்பின்மேல் நகரவேண்டும். சின்ன வட்டம், ஐந்தாறு சுற்று. பிறகு விரலைத் தூக்கி அடுத்த இடம். புதுக்கைக்காரர்கள் எல்லோரும் செய்கிற தவறு, விரலை முடிமேல் முன்னும் பின்னும் ஓட்டுவது. சத்தம் நன்றாக வரும், ஆளுக்கும் சுகமாக இருக்கும். முடி ஒன்றோடொன்று உரசிச் சிக்காகி, அறுந்து வரும். கையில் வந்த முடியைப் பார்த்து வாடிக்கையாளர் பயந்துபோவார். நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி கொட்டுவது எல்லோருக்கும் உள்ளதுதான், பயமில்லை என்று சொல்லலாம். ஆனால் வேரோடு கொட்டின முடியின் அடியில் வெள்ளைக் குமிழ் இருக்கும். உரசி அறுந்ததில் இருக்காது. குமிழ் இல்லாத முடி விரலில் வந்தால் அது உங்கள் கைக் குற்றம்.

பொட்டிலும் காதுக்குப் பின்னாலும் பிடரிக் குழியிலும் ஆசான் நேரம் எடுத்துக்கொள்வார். அங்கே ஊன்றும்போது ஆள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே செய்யவேண்டும். மூச்சு நீண்டு வந்தால் சரி. பல்லைக் கடித்தால் கையை எடுத்துவிடவேண்டும். குற்றாலத்து ஆட்கள் என்றால் உச்சந்தலையில் படபடவென்று தட்டுவார்கள் என்று வெளியூரில் ஒரு பேர் இருக்கிறது. தட்டலாம், உள்ளங்கையைக் குழித்து. ஆசான் தட்டினால் மண்டைக்கு அதிர்வு போகாது, சத்தம் மட்டும் கேட்கும். கூட்டம் கூட்டுவதற்கு அது உதவும். மற்றபடி அதில் பெரிய சாமர்த்தியம் இல்லை.

மண்டை முடிந்த பிறகு முடி. உள்ளங்கையில் ஆலிவ் அரைக்கால் ஸ்பூன் ஊற்றி, இரண்டு கையையும் பளபளப்பு வருகிறவரை தேய்த்துக்கொண்டு, முடியை வகுந்து வகுந்து பிடித்து, காது மட்டத்திலிருந்து நுனிக்கு உருவவேண்டும். நுனி வெடித்தது ஒட்டாது, எந்த எண்ணெய்க்கும் அந்தச் சக்தி இல்லை. வெட்டித்தான் எறியவேண்டும். வெட்டினதுக்கு மேலே இருக்கிறது வெடிக்காமல் எண்ணெய் காக்கும். சிக்கு எடுப்பது நுனியிலிருந்துதான், அகலப்பல் சீப்பில். இறுக்கிப் பின்னி விடாதீர்கள். தளர்ந்த கொண்டை போதும்.

ஊறவேண்டிய நேரம் அரை மணியிலிருந்து ஒரு மணி. ராத்திரி முழுக்க வைத்தால் இரட்டைப் பலன் என்பது கட்டுக்கதை. தலையணையும் முகப்பருவும்தான் பலன். அலசும்போது ஆலிவுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் பட்டால் எண்ணெய் முடியோடு ஒட்டிக்கொண்டு விடாது. சீயக்காய்த் தூளையோ அரப்பையோ வடித்த கஞ்சியில் குழைத்து, எண்ணெய்த் தலையில் அப்படியே போட்டு, விரலால் பரப்பி, சற்றுப் பொறுத்து, அதற்குப் பிறகு வெதுவெதுப்பான தண்ணீர். கஞ்சி எண்ணெயைப் பிடித்துக்கொண்டு இறங்கும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குற்றாலத்துக்கு வந்து போனதும் முடி பட்டு மாதிரி ஆகிவிட்டது, உங்கள் எண்ணெய் பிரமாதம் என்று சொல்லி பாட்டில் பாட்டிலாக வாங்கிப் போகிறவர்கள் உண்டு. ஊருக்குப் போய், "அதே எண்ணெய்தான், அந்த மாதிரி வரலையே" என்று போன் செய்வார்கள். வராது. அருவித் தண்ணீர் மலையிலிருந்து இறங்குகிற மெதுத் தண்ணீர். அவர்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். சோப்பு அந்த உப்போடு சேர்ந்து முடியில் பிசுக்காகப் படியும். சீயக்காய் அப்படிப் படியாது. உப்புத் தண்ணீர்க்காரர்கள் எண்ணெயை மாற்றுவதற்கு முன்னால் கடைசி அலசலுக்கு ஒரு வாளி மழைத்தண்ணீர் பிடித்து வைத்துப் பார்க்கட்டும். எண்ணெய் விற்கிறவன் இதைச் சொல்லக் கூடாதுதான்.

வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, திடீரென்று கொத்தாகக் கொட்டினாலோ, பிரசவம் ஆனவர்கள், காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் கேட்டு வந்தாலோ, அங்கே எங்கள் கைக்கு வேலை இல்லை. புழுவெட்டுக்கு மணிக்கணக்கில் தேய்த்துக் காசு வாங்கினவர்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களைப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கோ தோல் டாக்டரிடமோ அனுப்பிவிடுங்கள். ரத்தம் குறைவா, தைராய்டா என்று பார்க்கவேண்டிய தலையில் எண்ணெயை ஊற்றி நாளைக் கடத்துவது பாவம்.

சீசனுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலிவோ நல்லெண்ணெயோ, தேய்த்த தலையோடு அருவிக்குள் போகாதீர்கள். தங்கின இடத்திலேயே அலசிவிட்டுப் போங்கள். கற்க வருகிறவர்கள் ஆனி பிறப்பதற்கு முன்பே வாருங்கள். சாரல் இறங்கிவிட்டால் சொல்லிக்கொடுக்க எனக்கு நேரம் இருக்காது. எண்ணெயும் கிண்ணமும் இங்கே இருக்கின்றன. நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள்.